மரப்பலகையா, கலப்புப் பலகையா?

கோலார் தங்கவயலில் வீடு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைப் பல வடிவங்களில் எழுப்புகின்றனர். மொட்டை மாடியில் மாலை நேரம் அமர ஒரு பலகைத் தளம் அமைக்க வேண்டும். அல்லது வாசலுக்கு முன் உள்ள வெற்றிடத்தில் திண்ணை போல ஒரு முன்தளம் அமைக்க வேண்டும். அதற்கு மரப்பலகை நல்லதா, அல்லது கடைகளில் 'டபிள்யூபிசி' என்று விற்கப்படும் கலப்புப் பலகை நல்லதா? கேள்வி சிறிது. ஆயினும் அதன் பின்னால் நிற்பது பெரும்பாலும் ஓர் ஓய்வூதியப் பணம், அல்லது நாள்தோறும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று திரும்பும் ஒருவரின் சேமிப்பு. ஆகவே இதைப் பற்றி நம் கருத்தைத் தெளிவாகச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை சுரங்கத்தில் தச்சுப் பணி பார்த்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வீட்டோடு இருந்துவிட்டவர். மகன் பெங்களூரில் பணிபுரிகிறார். மாடியில் தளம் போட மகன் விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டு வருகிறார். "அப்பா, இதற்குக் கரையான் வராது, எண்ணெய் பூச வேண்டாம், பதினைந்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள்" என்கிறார். தந்தை பலகை மாதிரியைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "மரம் கெட்டால் நானே கழற்றி மாற்றிவிடுவேன். இது கெட்டால் யாரப்பா மாற்றுவது?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதும் சரி. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில்தான் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

முதலில் பொருளை அறிவோம். கலப்புப் பலகை என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூடாக்கிக் கலந்து, அச்சின் வழியே பிதுக்கி எடுக்கும் பொருள். பெரும்பாலான பலகைகளில் ஏறக்குறையப் பாதி மரத்தூள். மீதியில் பெரும்பங்கு பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக். அதனோடு நிறமியும், வெயிலைத் தாங்குவதற்கான சேர்மானங்களும் சேர்கின்றன. அமெரிக்காவில் 1990களில் இது பரவலாகச் சந்தைக்கு வந்தது. பழைய பிளாஸ்டிக் பைகளுக்கும் மரத்தூளுக்கும் ஒரு பயன் கிடைத்தது என்பது அதன் நற்பெயருக்கு ஒரு காரணம்.

இங்கே முதல் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் 'டபிள்யூபிசி' என்ற ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, சமையலறை அலமாரிக்கும் கதவு நிலைக்கும் பயன்படும் பிவிசி நுரைப்பலகை. மற்றொன்று, வெளித்தளத்திற்கென்றே செய்யப்படும் கனமான பலகை. முன்னது வீட்டின் உள்ளே நன்கு உழைக்கும். வெயிலில் மனிதர் நடக்கும் தளத்திற்கு அது ஏற்றதன்று. விலை குறைவாக இருக்கிறதே என்று முன்னதை வாங்கித் தளம் போட்டால், வாங்கியவர் இரண்டு கோடைக்குள் வருந்துவார். 'வெளித்தளத்திற்கான பலகை' என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது நலம்.

அடுத்து, நம் ஊரின் வானிலை. தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெயில் சுள்ளென்று அடித்தாலும் இரவு குளிர்ந்துவிடும். இந்த வேறுபாடு இரு பலகைகளையும் இரு விதமாகச் சோதிக்கிறது. மரம் ஈரத்தை உண்டு அகலத்தில் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய மாறாது. கலப்புப் பலகையோ வெப்பத்தால் நீளத்தில் விரியும். மூன்று மீட்டர் நீளமுள்ள பலகை, 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நீளக்கூடும். இதை அறியாத தச்சர், மரத்திற்குச் செய்வது போலவே பலகை முனைகளை நெருக்கி வைத்து ஆணி அடித்துவிடுவார். நாம் அறிந்த ஒரு வீட்டில் இவ்வாறே செய்யப்பட்டு, முதல் ஏப்ரல் மாதத்திலேயே பலகைகள் ஒன்றையொன்று தள்ளி நடுவில் மேடு கட்டிவிட்டன. அங்கே குற்றம் பலகையினுடையதன்று; முனை இடைவெளி விடாமையே.

வெயிலில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அடர்நிறக் கலப்புப் பலகை நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். நம் வீடுகளில் மாடிக்குச் செருப்பின்றிச் செல்வது வழக்கம். வடகம் காய வைக்கும் பாட்டியும், காற்றாடி விடும் பேரனும் அத்தளத்தில்தான் நடப்பார்கள். கலப்புப் பலகையே வேண்டுமெனில் வெளிர் நிறத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்குள் நிழலில் பார்த்து முடிவு செய்யாமல், மாதிரித் துண்டு ஒன்றை வீட்டு மாடியில் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும்.

மழை இங்கே பேரளவில் பெய்வதில்லை. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர். அதில் கணிசமான பகுதி செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையோர ஊர்களைப் போல ஆறு மாதம் நனைந்து கிடக்கும் துன்பம் நமக்கில்லை. எனவே மரம் அழுகும் அச்சத்தை விற்பனையாளர்கள் சற்று மிகையாகவே சொல்கிறார்கள் என்பது நம் எண்ணம். மரத்தைக் கெடுப்பது மழை அன்று. வடியாமல் நிற்கும் நீரும், மண்ணிலிருந்து ஏறும் கரையானுமே. மொட்டை மாடியில் கரையான் அச்சம் குறைவு. தரைத்தளத்தில், செம்மண்ணைத் தொட்டுக்கொண்டு மரச்சட்டம் வைத்தால் அது கரையானுக்கு இடும் விருந்து.

நம் ஊருக்கே உரிய ஒன்று புழுதி. சுரங்கத்திலிருந்து வெளிவந்த பாறையை அரைத்துப் பொன் பிரித்தபின் எஞ்சிய மண், 'சயனைடு மேடு' என்று நாம் அழைக்கும் குன்றுகளாக நிற்கிறது. அதன் அளவு 3 கோடி டன்னுக்கும் மேல். காற்று வீசும் மாதங்களில் அந்த நுண்மணல் எல்லா வீட்டு மாடிக்கும் வந்து சேர்கிறது. அது உப்புத்தாள் போலத் தேய்க்கும் தன்மையுடையது. மரத்தின் மேல் பளபளப்பான வார்னிஷ் பூசினால், காலடியில் அரைபடும் மணல் அப்பூச்சைச் சீக்கிரமே தேய்த்துத் திட்டுத்திட்டாக உரித்துவிடும். ஆகவே மரத்தளத்திற்கு வார்னிஷைவிட மரத்தினுள் ஊறும் எண்ணெயே ஏற்றது. அதையும் காற்றில்லாத நாள் பார்த்துப் பூச வேண்டும். இல்லையெனில் ஈர எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தியபின் அப்புறப்படுத்த வேண்டும். கலப்புப் பலகையிலும் புழுதித் தொல்லை உண்டு. வழுக்காமல் இருக்க அதன் மேல் வெட்டப்பட்டிருக்கும் வரிகளில் மணல் படிந்து, மழையில் சேறாகி, வழுக்கலுக்கே காரணமாகும். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் வரியின் போக்கிலேயே பெருக்கியாக வேண்டும். 'பராமரிப்பே வேண்டாம்' என்னும் பலகை எதுவும் உலகில் இல்லை.

இனிப் பணக்கணக்கு. கீழே காட்டும் தொகைகள் வழிமுறையை விளக்குவதற்கு நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் பெறும் விலைப்பட்டியலைக் கொண்டு அவ்விடங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். 150 சதுர அடித் தளம் ஒன்றிற்கு மரப்பலகை, சட்டம், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 75,000 என்றும், கலப்புப் பலகைக்கு ரூ. 1,05,000 என்றும் கொள்வோம். காலம் 15 ஆண்டு. கலப்புப் பலகையைக் கழுவித் துப்புரவு செய்ய ஆண்டுக்கு ரூ. 1,000. எனவே அதன் மொத்தச் செலவு ரூ. 1,20,000. மரத்திற்கு எண்ணெயும் ஆள் கூலியும் ஆண்டுக்கு ரூ. 6,000 என்றால் 15 ஆண்டில் ரூ. 90,000, மொத்தம் ரூ. 1,65,000. அவ்வாறாயின் கலப்புப் பலகையே வெல்கிறது. ஆனால் அந்தத் தச்சுத் தந்தையைப் போல வீட்டாரே எண்ணெய் பூசினால், எண்ணெய்ச் செலவு ஆண்டுக்கு ரூ. 2,000 மட்டுமே, மொத்தம் ரூ. 1,05,000. இப்போது மரம் வெல்கிறது. இரண்டும் சமமாகும் இடம், மரப் பராமரிப்பு ஆண்டுக்கு ரூ. 3,000 ஆகும்போது.

ஆகவே, 'எது மலிவு?' என்பதைவிட, 'அடுத்த பதினைந்து ஆண்டும் இதற்கு யார் கை கொடுப்பார்?' என்பதே உண்மையான கேள்வி. தந்தைக்கு இன்று எழுபது வயது எனில், பத்தாண்டு கழித்து அவர் முழந்தாளிட்டு எண்ணெய் பூசுவார் என்று கணக்கிடுவது நியாயமன்று. மகன் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வீட்டில் இருப்பவர். இதைக் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து மனம் விட்டுப் பேச வேண்டும். பேசாமல் மரம் போட்டுவிட்டு மூன்றாண்டு எண்ணெய் காட்டாமல் விட்டால், மரமும் போகும், பணமும் போகும்.

கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மரம் தேய்ந்தால் இழைத்துப் புதுப்பிக்கலாம். ஒரு பலகை மட்டும் பழுதானால் அதே கனத்தில் வேறொன்றை அறுத்து வைக்கலாம். தளத்தையே கலைத்தாலும் தேக்குக்கும் வேங்கைக்கும் விலை உண்டு. கலப்புப் பலகையில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் இழைக்க இயலாது. எட்டாண்டு கழித்து அதே நிறமும் அதே அச்சும் கடையில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கலைத்தபின் அதை வாங்குவோரும் அரிது. எனவே கலப்புப் பலகை வாங்குவோர் முதல்நாளே நான்கைந்து பலகைகளைக் கூடுதலாக வாங்கி நிழலில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பலகையைப் பற்றியே பேசிக்கொண்டு சட்டத்தை மறந்துவிடுவது பொதுவான பிழை. தளத்தின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாத அடிச்சட்டத்தில் இருக்கிறது. கலப்புப் பலகை நெடுநாள் பாரத்தில் மெல்லத் தொய்யும் இயல்புடையது. அதனால் சட்டங்களுக்கு இடையே 300 முதல் 400 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. செலவைக் குறைக்கச் சட்டத்தைக் குறைப்பவர், மூன்றாம் ஆண்டு பூந்தொட்டிகளின் கீழே பள்ளம் காண்பார். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து விலகி, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் அளவில் வாட்டம் இருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்பு, மொட்டை மாடியில் கரை கட்டி ஒருநாள் முழுதும் நீர் தேக்கிக் கசிவு உண்டா எனச் சோதிக்க வேண்டும். தளம் போட்டபின் கூரை ஒழுகினால், புதுத்தளத்தைக் கலைத்துத்தான் ஒழுகலை அடைக்க முடியும்.

மரம் வாங்குவோருக்கும் சில சொற்கள். வெளித்தளத்திற்குத் தேக்கு, வேங்கை போன்றவற்றின் வைர மரமே வேண்டும். வெளிர்நிறப் புறமரம் கலந்த பலகை விரைவில் அரிக்கும். ரப்பர் மரமும் சாதாரண ஒட்டுப்பலகையும் இதற்கு ஆகா. இறக்குமதிப் பைன் மரமெனில் அழுத்தத்தில் மருந்தேற்றியதா என்று கேட்க வேண்டும். மேலே தடவிய மருந்து போதாது. நம் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது நன்கு முதிர்ந்த தேக்கு உத்தரங்கள் விற்பனைக்கு வருகின்றன. பல்லாண்டு உலர்ந்த அம்மரம் இனிக் கோணாது. புதிதாக ஒரு மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை. அதுவே மிகச் சிறந்த தேர்வு என்போம். ஆனால் யாரிடமிருந்து, எந்த வீட்டிலிருந்து வந்தது என்னும் விவரத்துடன் ரசீது பெறாமல் பழைய மரத்தைத் தொடவே கூடாது. ரசீதில்லாத மலிவு மரம் பின்னாளில் விலைமிக்க வழக்காகும்.

இரு வகையாருக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை உண்டு. வேலை முடிந்தபின் எஞ்சும் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கலப்புப் பலகையின் துண்டில் பிளாஸ்டிக் இருக்கிறது. மருந்தேற்றிய மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் போன்றவை இருக்கக்கூடும். அவற்றின் புகையும் சாம்பலும் நஞ்சு. மருந்தேறாத மரத்துண்டை மட்டுமே எரிக்கலாம்.

கடனைப் பற்றி ஒரு வங்கியின் இதழ் பேசாமல் இருக்க இயலாது. கடன் வாங்குங்கள் என்று தூண்டுவதற்காக அன்று. ரூ. 2,00,000 கடனை ஆண்டுக்கு 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் ரூ. 4,350, மொத்த வட்டி சுமார் ரூ. 61,000. அதே தொகையை 9.5 சதவீதத்தில் 10 ஆண்டுக்குப் பெற்றால் தவணை சுமார் ரூ. 2,590 மட்டுமே, ஆனால் மொத்த வட்டி சுமார் ரூ. 1,11,000. வட்டி விகிதமும் குறைவு, தவணையும் குறைவு. இருந்தும் வட்டிச் செலவு ஏறக்குறைய இரு மடங்கு நெருங்குகிறது. தவணையை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுவோர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. தளத்தின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளக் கூடாது என்பது எளிய விதி. வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் பெறும் கடனின் வட்டிக்கு, பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தெடுப்போர் ஆண்டுக்கு ரூ. 30,000 வரை கழிவு பெற வாய்ப்புண்டு. தத்தம் நிலைமைக்கு அது பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் உறுதிசெய்துகொள்க.

இதனினும் முக்கியமானது ஒன்று. ஓய்வுக்கால வைப்புத்தொகையை முறித்துத் தளம் போடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். மருத்துவச் செலவு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. சுரங்கம் மூடிய நாளில் கையிருப்பு இருந்த வீடும் இல்லாத வீடும் எப்படி வேறுபட்டு நின்றன என்பதை இவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஓராண்டு சிறுகச் சேமித்து, அடுத்த ஆண்டு தளம் போட்டால் மாலைக்காற்று எங்கும் ஓடிவிடாது.

உத்தரவாதத் தாளையும் ஊன்றிப் படிக்க வேண்டும். உத்தரவாதம் தருபவர் தயாரிப்பாளரா, கடைக்காரரா? பலகைக்கு மட்டுமா, கழற்றி மாட்டும் கூலிக்கும் சேர்த்தா? கையேட்டின்படி பொருத்தாவிடில் உத்தரவாதம் செல்லாது என்னும் வரி பெரும்பாலும் உள்ளே இருக்கும். எனவே பொருத்தும்போதே இடைவெளிகளையும் சட்டங்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நன்று. கூலியில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, இரண்டு வாளி நீரை ஊற்றி அது வடிந்து போவதைக் கண்டபின் கொடுப்பதில் தவறில்லை.

இவ்வளவும் சொன்னபின் நம் முடிவைச் சொல்கிறோம். கூரை நிழல் உள்ள வராந்தாவுக்கும், எண்ணெய் பூச வீட்டில் ஆள் உள்ள குடும்பத்திற்கும் மரமே ஏற்றது. பழைய தேக்கு கிடைத்தால் இன்னும் நன்று. திறந்த மாடியில், பராமரிக்க ஆளில்லாத வீட்டிற்கு, வெளிர்நிறக் கனமான கலப்புப் பலகையை முறையான இடைவெளியுடன் பொருத்தலாம். மண்ணை ஒட்டிய முன்தளத்திற்கு இரண்டையும் நாம் பரிந்துரைக்கவில்லை. கோலார் வட்டாரத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. நம் சுரங்கங்களின் ஆழத்தில், மரத்தாங்கிகள் பாறையின் பாரத்தைத் தாங்க இயலாத இடங்களில் கருங்கல் கட்டுமானமே அந்த வேலையை ஏற்றது. வாசல் திண்ணைக்கு அக்கல் போதாதா?

அந்தத் தந்தையும் மகனும் என்ன செய்யலாம் என்று கேட்டால், மாடிக்கு மகன் விரும்பும் பலகை, வராந்தாவுக்குத் தந்தை இழைத்துத் தரும் தேக்கு என்போம். இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. வராந்தா வேலையை முதலில் தொடங்கலாம். தந்தையின் கை உழைக்கும் காலத்தில் மகன் அருகில் அமர்ந்து அதைக் கற்றுக்கொள்ளவும் வழியிருக்கும். அப்போது, 'கெட்டால் யார் மாற்றுவது?' என்ற கேள்விக்கும் வீட்டிலேயே விடை இருக்கும்.